ஒரு நாளுக்கு ஒரு படம், ஒரு படத்துக்கு ஒரு வரி: பினாங்கில் ஓராண்டு

தினமும் ஒரு புகைப்படம் என்று ஓராண்டு எடுத்து முடித்தாயிற்று. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பது இதில் சிறிய பங்கு. படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தார் என்று அன்று இரவே ஒரு வரி எழுதிப் படத்தோடு சேர்த்துவைப்பதுதான் பெரிய பங்கு. அந்த வரி இல்லாத படம் ஒரு தலைமுறைக்குள் ஊமையாகிவிடும்.

எங்கள் வீட்டில் பாட்டி வைத்துவிட்டுப் போன படங்கள் கொஞ்சம் இருக்கின்றன. தோட்டத்தில் இருந்த காலத்துப் படங்கள். கோயில் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள், ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்பக்கம் திருப்பினால் வெறும் தாள். பாட்டி இருந்தவரை ஒவ்வொருவரையும் விரல் வைத்துச் சொல்வார். இப்போது அப்பாவுக்குப் பாதிப் பேர் தெரியும், எனக்கு நாலைந்து பேர். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. காலனிக் காலத்தில் இந்தப் பக்கம் அச்சான அஞ்சலட்டைகளைப் பாருங்கள். மாட்டுவண்டி ஓட்டுகிறவர், பால் சுமக்கிறவர், சாலை போடுகிறவர் என்று நம் ஆட்கள் நிற்பார்கள். கீழே இனத்தையும் தொழிலையும் சொல்லும் ஒரு சொல் இருக்கும், பெயர் இருக்காது. எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். ஆண்டு முழுக்கப் படம் எடுப்பதென்றால் பெயரோடு எடுக்க வேண்டும் என்று அங்கேதான் முடிவானது.

வீடு கடலுக்கு அக்கரையில், பெருநிலத்துப் பட்டர்வொர்த்தில்; வேலை பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில். காலையில் ஃபெரி ஏறி இக்கரைக்கு வந்து, வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து லெபோ பசார் என்ற தெரு வழியாக லிட்டில் இந்தியாவைக் கடந்து, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் உள்ள அலுவலகத்துக்கு நடப்பேன். மாலையில் அதே வழி. அதனால் படத்துக்கென்று தனியாக எங்கும் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஓராண்டு நீடிக்க வேண்டிய வேலை, அன்றாடம் எப்படியும் நடக்கிற வழியில்தான் இருக்க வேண்டும். ‘இன்று எங்கே போய் எடுப்பது’ என்ற கேள்வி வந்துவிட்டால் இரண்டாம் மாதமே கை ஓய்ந்துவிடும்.

வேறு விதிகள் அதிகமில்லை. படத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டும், அல்லது ஒரு மனிதரின் கை இப்போதுதான் பட்ட பொருள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு படம்தான் மிஞ்சும். மற்றவை மாதக் கடைசியில் அழியும். நள்ளிரவு தாண்டினால் அது அடுத்த நாள் படம். இந்தக் கடைசி விதி எதற்கு என்பது தைப்பூசம் வரும்போது தெரியும். லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதமும், 2017 முதல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் புறப்படும் அந்த நாட்களில், எந்தப் படம் எந்தத் தேதிக்குச் சொந்தம் என்ற கணக்கே குழம்பிப்போகும்.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று. அது பையில் இல்லாத நாளில் கைப்பேசி. ஜூம் கிடையாது. ஒரே லென்ஸோடு சில மாதம் நடந்தால், ஆளுக்கும் நமக்கும் எத்தனை அடி இருந்தால் படம் எப்படி விழும் என்பது கேமராவைத் தூக்குவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நெருங்கிப் போக வேண்டியிருப்பதால் பேசியே ஆக வேண்டும் என்பதும் ஒரு லாபம்.

நம் ஊர் ஈரத்துக்குச் சொல்ல வேண்டியது வேறு. 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் உட்காரும் கூடம் குளிரூட்டியது. அதிலிருந்து இறங்கி வெல்ட் கீயில் கால் வைத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். குளிரில் இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிட்டு, இறங்கிப் பத்து நிமிடம் நடந்த பிறகு திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படாமல் பையின் வெளிப்புறத்தில் படிந்து போகும். வீட்டில் கேமரா இருப்பது ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிரை பாக்ஸ் பெட்டியில், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள். அலமாரியில் துணிக்கு நடுவே வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும்.

இனி ஒளி. இதில்தான் ஓராண்டின் ருசி இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் கடிகாரம் சூரியனை விட வெகுதூரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா, கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்ற கணக்குக்கு மாறியது. அதற்கு முன் ஏழரை. பினாங்கு இருக்கும் தீர்க்கரேகைக்கு இந்தக் கணக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அதிகம். ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது நண்பகல் 12-க்கு இல்லை, ஏறக்குறைய 1.20-க்கு. விடிவது காலை 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில். எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பினாங்கில் கிடைப்பது அதிகாலை ஒளி. வேறு ஊர்க்காரர்கள் அலாரம் வைத்து எழுந்து தேடும் ஒளி அது. மதிய உணவுக்கு இறங்கும் ஒரு மணிக்குத்தான் உச்சி வெயில் முகத்தில் கண்குழி நிழல் போடும். அந்த நேரத்தில் நான் கேமராவை எடுப்பதேயில்லை.

லெபோ பசார் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் கடல் பக்கத்திலிருந்து வரும் ஒளி தெருவின் நீளத்துக்கும் பாயும். பினாங்கு ஐந்தரை பாகை வடக்கே இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறையும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தையொட்டி ஒருமுறையும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களில் 1.20 மணிக்குத் தெருவிளக்குக் கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதற்கு நடுவில் உள்ள ஐந்து மாதமும் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து தென்வரிசைக் கடைகளின் முகத்தில் அடிக்கும். மிச்ச ஏழு மாதம் தெற்கே சாய்ந்து வடவரிசைக் கடைகளில் அடிக்கும். இதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் மாதவாரியாகப் படங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் அது கடைக்காரர்களின் கையில் இருப்பது தெரிந்தது. ஜூன் மாதப் படங்களில் ஒரு வரிசை துணிப்படுதா இறக்கியிருக்கிறது, டிசம்பரில் எதிர் வரிசை. புடவைக் கடைக்காரர் சாயம் வெளுக்கும் என்று கண்ணாடி ஓரத்துப் பட்டுகளை உள்ளே எடுத்துவைப்பதும் வெளியே கொண்டுவருவதும் அந்தக் கணக்கில்தான். கேட்டால், “அது காலங்காலமா அப்படித்தான் தம்பி, அப்பா சொல்லிக் கொடுத்தது” என்றார்.

முகம் எடுக்க ஐந்தடியைப் போல், அதாவது கடைவீடுகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையைப் போல், நல்ல இடம் வேறில்லை. மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தெரு. தெருவிலிருந்து வரும் ஒளி ஒரே பக்கமிருந்து மெத்தென்று விழும். எதிர்ச்சுவர் மஞ்சளோ வெள்ளையோ அடித்திருந்தால் இன்னும் நல்லது. ஆளை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே நிற்கச் சொல்லி, தெருவைப் பார்த்தபடி பேச வைத்து, முகத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் அளந்துகொள்வேன். தெருவுக்கும் ஐந்தடிக்கும் நாலைந்து ஸ்டாப் வித்தியாசம் வரும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). பின்னணியில் தெரு வந்தால் அது வெளுத்துப்போகும். கவலைப்பட வேண்டாம், முகம்தான் முக்கியம்.

இரவில் எல்இடி விளக்குகள் தரும் தொல்லை ஒன்று உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தீபாவளிச் சந்தைக்கும் ரத ஊர்வலத்துக்கும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒன்றும் செய்வதற்கில்லை, ஐந்தடியிலேயே நில்லுங்கள். காற்றில் புகைமூட்டம் வந்த வாரங்களில் அக்கரை மறைந்துபோகும். அதையும் எடுத்து, அன்று காற்றுத் தரக் குறியீடு எவ்வளவு என்று குறித்துவைத்தேன்.

அனுமதி கேட்பது இரண்டு கேள்வி. “படம் எடுக்கலாமா அண்ணே?” என்பது ஒன்று. அதற்குப் பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். “பேரையும் ஊரையும் எழுதி வச்சுக்கலாமா?” என்பது இரண்டாவது. இதற்குத்தான் நின்று யோசிப்பார்கள். எதற்கு என்று கேட்பார்கள். பாட்டியின் படங்களைப் பற்றிச் சொல்வேன். அதைக் கேட்டு முகம் மாறாதவர் ஒருவரும் இல்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு கட்டுப் படம் இருக்கிறது. வேண்டாம் என்றவர்களின் படத்தை அங்கேயே, அவர்கள் கண் முன்னால் அழித்துவிட்டேன். பிள்ளைகள் என்றால் பெற்றவரைக் கேட்காமல் கேமராவைத் தூக்கக் கூடாது. கோயிலில் குருக்களைக் கேட்க வேண்டும், கருவறைப் பக்கம் திரும்பவே கூடாது. அவர்கள் கொடுத்த பெயர்களை இங்கே எழுதவில்லை. படத்தோடு வைக்கத்தான் அனுமதி வாங்கினேன், ஊருக்குச் சொல்ல இல்லை.

குயின் ஸ்திரீட் பக்கம் பூ கட்டும் அக்கா சொன்ன பதிலை மட்டும் சொல்ல அவரிடமே கேட்டுவிட்டேன். “என் பேரு கிடக்கட்டும்ப்பா. எங்கம்மா பேரப் போடு. இந்தக் கடை அவங்க வச்சது. அவங்களுக்குப் படமே கிடையாது.” அன்றிலிருந்து குறிப்பில் ஒரு இடம் கூட்டினேன்: இவருக்கு முன்னால் இந்த இடத்தில் யார். பணமாற்றுக் கடை பாயிடம் இதைக் கேட்டபோது அவர் தாத்தா கடையநல்லூரிலிருந்து கப்பலேறியதிலிருந்து தொடங்கினார். அரை மணி நேரம் போனது. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன், வருத்தமில்லை.

இந்தக் கேள்விக்கு ஜார்ஜ்டவுனில் அவசரமும் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்ததும் பழைய கடைவீடுகளின் வாடகை ஏறி, தலைமுறையாக இருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது. கட்டடங்களுக்கு இப்போது காவல் இருக்கிறது. சுவரின் நிறத்துக்குக் கூட விதி இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து தைத்தவர், உருக்கியவர், அரைத்தவர் யார் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். என் ஓராண்டுக்குள்ளேயே சில கடைகளில் பலகை மாறிவிட்டது.

குறிப்பை எங்கே எழுதுவது என்பதற்கு வருகிறேன். தனி நோட்டில் எழுதினால் நோட்டும் படமும் பிரிந்துபோகும். படக்கோப்புக்குள்ளேயே எழுத இடம் இருக்கிறது. கேமரா தானாக எழுதும் எக்சிஃப் தகவலில் தேதி, நேரம், ஷட்டர் எல்லாம் இருக்கும். நாம் எழுதுவதற்கென்று ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்று இரண்டு வகைப் புலங்கள் உண்டு. தமிழுக்கு எக்ஸ்எம்பியின் விளக்கப் புலமே பாதுகாப்பு. அது எப்போதும் யூனிகோடில் இருக்கும். பழைய ஐபிடிசியில் எழுத்துக் குறியாக்க முறையைக் குறிப்பிடாமல் தமிழ் எழுதினால் இன்னொரு கணினியில் கேள்விக்குறிகளாக வரும். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் எழுதுகிறேன். அதன் அமைப்பில் ‘கோப்புக்குள் எழுது’ என்பதை இயக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பு மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் தங்கிவிடும். எழுதியது உண்மையில் உள்ளே போயிற்றா என்று எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் கொண்டு மாதம் ஒருமுறை சரிபார்ப்பேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் இருக்கும். குடும்பக் குழுவில் பகிர்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக இருக்கட்டும். அகரவரிசையே தேதிவரிசையாகிவிடும். பிரதிகள் மூன்று: கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, சுங்கை பட்டாணியில் தங்கை வீட்டில் ஒன்று. தினம் ஒரு ஜேபெக் என்றால் ஓராண்டுக்குச் சில ஜிபிதான் வரும். இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்றொருவர் 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரு போலராய்டு எடுத்தார். 1997 அக்டோபர் 25, தம் பிறந்தநாளில், அவர் இறந்த நாள் வரை அது நிற்கவில்லை. நண்பர்கள் அவற்றையெல்லாம் அடுக்கி 2007-இல் கண்காட்சியாக வைத்தார்கள். பதினெட்டு ஆண்டு விடாமல் செய்ததை நினைத்தால் மனம் கனிந்துபோகிறது. அந்தப் படங்களை அடுக்க முடிந்ததற்கு அந்த நண்பர்களே காரணம் என்று நான் நினைக்கிறேன். படங்களுக்குள் இருந்தவர்களே அவர்கள்தானே. நமக்குப் பின் நம் படங்களை எடுத்துப் பார்க்கப்போகிறவர் அப்படி அருகில் இருந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

காய்ச்சலில் வீட்டோடு கிடந்த நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் வீட்டுப் படமாகவே போயின. அம்மா அரைத்துவைத்த சட்னி, அப்பா மடித்த நாளிதழ், தங்கை மகன் கழற்றிப்போட்ட காலணி. இவை பலவீனமான படங்கள் என்று நினைத்து வேறு வழி தேட வேண்டாம். குறிப்போடு பார்க்கும்போது என் பெற்றோருக்கு அதிகம் பிடித்தவை இவைதான்.

மாதம் முடிந்ததும் அந்த மாதப் படங்களை 4ஆர் (4×6 அங்குல) அளவில் அச்செடுத்தேன். பின்பக்கம் அதே குறிப்பைக் கையால் எழுதினேன். படத்தாளின் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதால் பென்சில் பிடிக்காது. பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். நிறமி மை உள்ள மெல்லிய பேனாவால் எழுதி, காய்ந்த பிறகே அடுக்க வேண்டும். இரண்டு பிரதி. ஒன்று எனக்கு, ஒன்று படத்தில் இருப்பவருக்கு.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்த நடைதான் ஆண்டிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. முன்பக்கத்தை ஒரு கணம் பார்ப்பார்கள். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பார்கள், சிலர் வாய்விட்டு. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிய பெரியவரும் உண்டு. படித்ததும் தகவல் கூடும். பக்கத்தில் நிற்பவர் அவருக்கு என்ன உறவு, இந்தத் தையல் இயந்திரம் யாருடையது, தாத்தா முதலில் கடை வைத்தது எந்தத் தெரு. கச்சாங் பூத்தே (கடலை, பருப்பு வகைத் தின்பண்டம்) விற்கும் அண்ணன் தம் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்க சித்தப்பா போட்டோ ஒண்ணு வீட்ல இருக்கு, அதுக்கும் இப்படி எழுதித் தர்றியா?” என்று கேட்டார். மறுவாரம் அதை எடுத்துவந்தார். வெளுத்துப்போன கருப்பு வெள்ளைப் படம், தள்ளுவண்டியோடு ஒருவர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு பூக்கடை அக்கா கேட்டார், அதன்பின் இன்னும் சிலர்.

அதனால் இரண்டாம் ஆண்டில் வேலை இரண்டாகப் பிரிகிறது. காலையில் வழக்கம்போல் ஒரு படம். சனிக்கிழமை மாலைகளில் லெபோ பசார் ஐந்தடியில், அந்தப் புடவைக் கடைக்காரர் கொடுத்திருக்கும் மேசையில், மற்றவர்கள் கொண்டுவரும் பழைய படங்களை கேமராவால் நகலெடுத்துக் குறிப்பு எழுதித் தருவது. படத்தைத் தட்டையாக வைத்து, இரு பக்கமும் நாற்பத்தைந்து பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு வைத்தால் பளபளப்பு வராது. குறிப்பில் இப்போது புதிதாக ஒரு புலம் சேர்த்திருக்கிறேன்: இதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார். ஒரே படத்தில் இருப்பவரை அண்ணன் ஒருவிதமாகவும் அக்கா ஒருவிதமாகவும் சொன்னால் இரண்டையும் எழுதுகிறேன், சொன்னவர் பெயரோடு.